மருந்து வண்டிச் சந்திரிகா

சந்திரிகா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று பட்டினப்பாக்கத்தில் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ரசம் ஏன் இன்னும் வரவில்லை என்று உள்ளே போய், வாளியைத் தானே தூக்கி வந்து வரிசையாக ஊற்ற ஆரம்பித்துவிடுவாள். அவளுடைய அம்மா கடற்கரைச் சாலையோரம் பலகை போட்டு மீன் விற்றவள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"ஆளு வர்ற வரைக்கும் குந்திக்கினு இருக்க என்னால ஆவாதும்மா. ஆளு கீற எடத்துக்கு நான் போறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் நடந்தாள். அப்புறம் கிண்டியில் துணி தைக்கும் கம்பெனி. அங்கேயும் தையல் மெஷின் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. வண்டியில் உட்கார்ந்தாலும் போய்க்கொண்டே இருக்கலாம் அல்லவா? ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், கேட்டரிங் வண்டி என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். எதிலும் நிலைக்கவில்லை. வேலை மோசம் என்பதால் விடவில்லை. பழகிப் போனதும் விட்டாள்.

அவள் விடாமல் வைத்துக்கொண்ட ஒன்று அவளுடைய புருஷன்.

சுயம்புலிங்கம் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதுதான் சந்திரிகா அவரை முதலில் பார்த்தாள். அவர் ஒவ்வொரு புடவையாக விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். முன்னால் குன்று மாதிரிக் குவிந்துவிட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏதோ ஒண்ணு குடுங்க, கெளம்பணும்."

"இருங்கம்மா. இதுல சாயம் நிக்காது. ஒரு தடவை நனைச்சா முந்தானை எறங்கிரும். இன்னும் ரெண்டு பாத்துருங்க" என்றார் அவர்.

இப்படிப் பொறுமையாக ஒரு ஆண்பிள்ளை இருக்க முடியுமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த மாதம் வாங்காத புடவைக்குப் புகார் சொல்ல மறுபடி போனாள். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் சம்மதிக்கவில்லை. அவர் ஊரில் ஒரு வருஷம் பேச்சே இல்லை. இவள் வீட்டில் பேச்சு அதிகமாகவே இருந்தது. எல்லாம் மகள் சிந்து பிறந்ததும் அடங்கியது. சிந்து இப்போது திருச்சியில் படிக்கிறாள்.

மருந்து வண்டி வேலை வந்து நாலு வருஷம் ஆகிறது. நகரத்துக்குத் தெற்கே, ஊர் முடிகிற இடத்துக்கு அந்தாண்டை ஒரு கட்டடம். அதற்குள் ஒரு பெரிய இயந்திரம். ராத்திரியெல்லாம் ஓடி, விடியும் முன்னால் ஒரு மருந்தைச் செய்து தரும். புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று படம் பிடிப்பதற்கு முன்னால் நோயாளிக்கு ஊசியில் போடுகிற மருந்து. கதிர் வீசும் என்பதால் கனமான ஈயக் குடுவைக்குள் வைத்து, அதைப் பெட்டிக்குள் வைத்து, இடத்துக்கு ஒரு பெட்டியாக வண்டியில் பூட்டிக் கொடுப்பார்கள். அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் என்று மூன்று இடங்களில் அவள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த அன்று அங்கிருந்த அதிகாரி ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இது நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே கரையும்மா. ரெண்டு மணி நேரம்கூட இல்ல, அதுக்குள்ள பாதி போயிடும். இதுக்கு அரைவாழ்வுன்னு பேரு. ஐஸ் வெச்சாலும் நிக்காது, மூடி வெச்சாலும் நிக்காது."

மீன் விற்றவளுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நேரம் ஆக ஆகக் கெட்டுப்போகிற சரக்கை அவளுக்குத் தெரியும். ஆனால் மீனுக்கு ஐஸ் உண்டு. இதற்கு எதுவும் இல்லை என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. முதல் தடவையாக அவளைவிட அவசரமான ஒன்று அவள் கைக்குக் கிடைத்திருந்தது.

ஒரு நாள் பழைய மகாபலிபுரம் சாலையில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டது. மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தபோது, கிளம்பி நாலு மணி நேரம் போல ஆகியிருந்தது. ஸ்கேன் சென்டரில் மருந்தை வாங்கி அளப்பவள் ஸஹானா. ராயப்பேட்டைப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மருத்துவ இயற்பியல் படித்தவள். அவள் முன்னால் சந்திரிகா பெட்டியை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இன்னா பண்றது ஸஹானாம்மா. ரெண்டு மணி நேரத்துல பாதி பூட்ச்சு, அடுத்த ரெண்டு மணி நேரத்துல மீதிப் பாதியும் பூட்ச்சு. வெறும் பொட்டியத்தான் தூக்கிக்கினு வந்துகீறேன்."

ஸஹானா கருவியில் வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "காலியாகலக்கா. கால்வாசி இருக்கு."

"எப்டி?"

"முதல்ல பாதி போச்சா? அடுத்த தடவை, மிச்சம் இருக்கிறதுல பாதிதான் போகும். அதுக்கடுத்து அந்த மிச்சத்துல பாதி. நாளைக்குக் காலையில மருந்துன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது. ஆனா ரெண்டு பாதியில முடிஞ்சிடாது."

சந்திரிகா அன்று தி. நகர் போகும் வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு போனாள். அப்புறம் மறந்துவிட்டாள்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு சுயம்புலிங்கத்துக்குக் கழுத்தோரம் நெறி கட்டியது. கடையில் நாள் முழுக்க நின்றதால் உடம்பு இளைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ராத்திரியில் படுக்கை நனைகிற அளவுக்கு வேர்த்தது. பல்லைப் பிடுங்கச் சொன்னார் ஒரு டாக்டர், சளி என்றார் இன்னொருவர். கடைசியில் அடையாறு ஆஸ்பத்திரியில் நெறியிலிருந்து துளி சதையை எடுத்துப் பார்த்து, நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்று என்றார்கள். கழுத்தோடு நிற்கவில்லை, நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்தது.

டாக்டர் வயதான பெண்மணி. எதையும் மறைக்காமல், அதே சமயம் அவசரப்படாமல் பேசினார். "மருந்துக்குக் கேக்கற நோய்தான். ஆனா கொஞ்சம் பரவிடுச்சு. இந்த நிலையில வர்றவங்கள்ல பாதிப் பேர் அஞ்சு வருஷத்தைத் தாண்டிடறாங்க. நாம அதுக்குத்தான் வைத்தியம் பண்ணப் போறோம்."

சுயம்புலிங்கம் தலையை ஆட்டினார். சந்திரிகாவின் காதில் பாதி என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவும் விழவில்லை.

மறுநாள் மயிலாப்பூரில் பெட்டியை இறக்கிவிட்டு அவள் கிளம்பவில்லை. ஸஹானா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் கதவோரம் நின்றாள்.

"என்னக்கா?"

"எங்க ஊட்டுக்காரருக்கு வந்துகீது." கையெழுத்துச் சீட்டை மடித்துப் பிரித்தாள். "பாதின்னு சொல்றாங்க. அஞ்சு வருஷத்துல பாதி ஆளு. அப்போ இந்த மருந்து மாதிரிதானா? அவரும் இப்டியே பாதி பாதியா..."

ஸஹானா கையுறையைக் கழற்றினாள். "இல்லக்கா. மருந்துலயே அது அப்படி இல்ல. இந்தக் குடுவைக்குள்ள எண்ண முடியாத அளவுக்கு அணு இருக்கு. ஒரு அணு பாதியாகாது. இருந்தா முழுசா இருக்கும், போனா முழுசாப் போயிடும். அடுத்த நிமிஷம் எது போகும்னு கேட்டா உலகத்துல யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் கூட்டமாப் பாத்தாத்தான் இத்தனை நேரத்துல பாதி போகும்னு சொல்ல முடியும். பாதிங்கிறது கூட்டத்துக்குத்தான். தனி ஆளுக்கு இல்ல."

"அப்போ இவரு எந்தப் பாதி?"

"அதை யாரும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, அணுவுக்கு வயசு ஆகாது. செஞ்சு ஒரு நிமிஷம் ஆனதும் ஒண்ணுதான், ஒரு நாள் தங்கினதும் ஒண்ணுதான். மனுஷன் அப்படியா? வயசு இருக்கு, உடம்பு இருக்கு, வைத்தியம் இருக்கு. டாக்டர் சொன்னது முன்னாடி வந்தவங்களை எண்ணிச் சொன்னது. அண்ணனை வெச்சுச் சொன்னது இல்ல."

ஸஹானா ஆறுதலாகத்தான் சொன்னாள். சந்திரிகாவுக்கு ஆறுதலாக இல்லை. தெரியாது என்ற ஒன்றை அவளால் எந்தக் காலத்திலும் தாங்க முடிந்ததில்லை. பஸ் வருமா வராதா என்று தெரியாவிட்டால் நடந்தே போய்விடுகிறவள். இதில் எங்கே நடந்து போவது? படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இறங்கினாள்.

வைத்தியம் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. நாக்கில் எதை வைத்தாலும் தகரம் மாதிரி இருக்கிறது என்றார். கடையில் நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள். இருபது வருஷமாக நாளெல்லாம் நின்ற மனுஷர், குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஜன்னல் பக்கம் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். சந்திரிகா விடியலில் வண்டி எடுத்து, மத்தியானம் வந்து, கஞ்சி வைத்து, துணி துவைத்து, ஏற்கெனவே துடைத்த தரையை மறுபடி துடைத்தாள். ஒன்றும் இல்லாவிட்டால் அலமாரியில் இருக்கிற பாத்திரங்களை இறக்கி மறுபடி அடுக்குவாள்.

"இங்க வந்து உக்காரு பிள்ள. தலை சுத்துது உன்னையப் பாத்தா" என்பார் அவர்.

"உக்காந்து இன்னா பண்றது?"

அவர் கைப்பேசியில் வானத்தைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். முதலில் தூக்கம் வருவதற்காகப் பார்த்தது. அப்புறம் தூக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தார். நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று யாரோ ஒரு வாத்தியார் தமிழில் விளக்குகிறாராம். தை மாதம் உடம்பு கொஞ்சம் தேறியிருந்த ஒரு நாள், இருட்டியதும் மொட்டைமாடிக்குப் போகலாம் என்றார். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடல் பக்கம் வானம் தெளிவாக இருந்தது. வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரிந்தது. அதை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதற்குக் கொஞ்சம் தள்ளிச் சிவப்பாக ஒன்று.

"அதுதான் திருவாதிரை. உன் நட்சத்திரம்" என்றார் சுயம்புலிங்கம்.

"எனக்கு அது ராசி இல்லன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும்."

"ராசிய விடு. அது எவ்வளவு பெருசு தெரியுமா? நம்ம சூரியன் அதுக்கு முன்னால கடுகு. பெருசாப் பொறந்துட்டதுனால உள்ள அழுத்தம் சாஸ்தி. அழுத்தம் சாஸ்தியானா எரியறதும் சாஸ்தி. சூரியன் ஆயிரம் கோடி வருசம் வண்டி ஓட்டும். அது ஒரு கோடி வருசம் தாண்டுமான்னே சந்தேகம். இப்பவே ஊதிச் செவந்து போய் நிக்கி. ஒரு நாள் வெடிச்சிரும்."

"எப்போ?"

"லட்சம் வருசத்துக்குள்ள எப்பம்னாலும்."

"நீயும் நானும் போய்ச் சேந்து, எலும்பும் கரைஞ்ச பின்னாடியா? அதுக்கு இன்னாத்துக்கு இப்பவே கவலை?" என்றாள் அவள். ஆனால் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. "சின்னதா கீறது இன்னா ஆவும்?"

"சின்னதுக்கு ஆயுசு கெட்டி. மெள்ள எரியும். லட்சம் கோடி வருசம்னு கணக்குச் சொல்லுதாக. ஒளி கம்மி, கண்ணுக்கே தெரியாது. ஆனா இருக்கும்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நட்சத்திரத்துக்கு எல்லாம் பொறக்கும்போதே முடிவாயிருது. எவ்வளவு கனமாப் பொறந்துச்சோ அதுதான் அதோட ஆயுசு. உன் வண்டில இருக்குல்லா ஈயப் பொட்டி? ஈயம்கூட அப்படித்தான், சாகப்போற பழைய நட்சத்திரத்து வயித்துல மெள்ள மெள்ள உண்டானதாம். பூமியவிட வயசானது. அதுக்குள்ள, இன்னைக்கு ராத்திரி செஞ்சு நாளைக்கு இல்லாமப் போற மருந்த வெச்சுக் கொண்டுபோறே."

பிறக்கும்போதே முடிவானது என்பதும், யாருக்கும் தெரியாது என்று ஸஹானா சொன்னதும் அவளுக்குள் மோதிக்கொண்டு நின்றன. இதில் இவர் எந்தக் கணக்கில் வருகிறார்? கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமல், "பனி எறங்குது, கீழ வா" என்று நாற்காலியை மடக்கினாள்.

வைத்தியம் முடிந்ததும் புற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மயிலாப்பூர் சென்டரிலேயே நாள் குறித்தார்கள். சந்திரிகா கொண்டு வருகிற மருந்தே சுயம்புலிங்கத்துக்குப் போடப்படும். ஸஹானா அதைச் சொன்னபோது அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அன்றைக்கென்று பருவம் தப்பிய மழை. முந்தின நாள் மாலையில் பிடித்தது விடவே இல்லை. விடியலில் அவள் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது சாலையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு நின்றது. திருவான்மியூரில் மரம் விழுந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு சாஸ்திரி நகர் வழியாக வந்தாள். வழக்கமாக முதல் நிறுத்தம் அடையாறு. சிக்னலில் நின்றபோது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. நேராக ஆற்றுப் பாலம் ஏறி மயிலாப்பூர் போய்விட்டுத் திரும்பி வந்து அடையாறில் கொடுத்தால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? மழை, வழி அடைப்பு என்று சொன்னால் போயிற்று.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடையாறில் காத்திருப்பவர்களும் ஸ்கேனுக்காக நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவள் திட்டிக்கொண்டே இடது பக்கம் திருப்பினாள். அங்கே லிப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியை மேலே தூக்கிப் போக வேண்டிய ஆள் படியேறிப் போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அது முடிந்து பாலத்தில் ஏறியபோது, பாலம் முழுக்க வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் எங்கேயோ மெட்ரோ வேலைக்குப் பள்ளம் தோண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்து பஸ் ஒன்று சிக்கிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

அவள் இஞ்சினை அணைத்தாள். இரு பக்கமும் ஆறு மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டி இருந்தது. அதற்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நொடியும் எத்தனையோ அணுக்கள் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. கதவைத் திறந்து இறங்கினாள். மழையில் நின்று முன்னால் பார்த்தாள். மறுபடி ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாமா என்று தோன்றியது. வழியில் பெட்டி வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். அதோடு அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் வரைக்கும் யாராலும் நடக்க முடியாது. ஸஹானாவுக்குப் போன் செய்தாள்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"பாலத்து மேல. நவுரவே மாட்டேங்குது."

மறுமுனையில் ஸஹானா கால்குலேட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கணக்குப் போடுகிறாள் என்று சந்திரிகாவுக்குப் புரிந்தது. "பரவாயில்ல, வாங்க. வந்தா பாத்துக்கலாம்" என்றாள்.

வண்டிகள் நகர ஆரம்பித்தபோது அவள் கை ஸ்டியரிங்கில் மரத்துப் போயிருந்தது.

மயிலாப்பூர் சென்டரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஹபீபுர் ரஹ்மான் என்ற வயதான தையல்காரர். சர்க்கரை வியாதி உள்ளவர். பட்டினி தாங்காமல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அரக்கோணத்திலிருந்து முதல் ரயிலில் வந்த ஜெயலக்ஷ்மி, நாற்பது வயது இருக்கும், நனைந்த புடவையோடு. மூன்றாவது சுயம்புலிங்கம். சந்திரிகா ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்து, "தலையத் துவட்டு" என்றார்.

ஸஹானா அளந்துவிட்டு வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே சந்திரிகாவுக்குத் தெரிந்துவிட்டது.

"மருந்து குறைஞ்சிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்து, மெஷின்ல கூட நேரம் படுக்க வெச்சாலும் ரெண்டு பேருக்குத்தான் வரும். பெரியவருக்கு இதுக்கு மேல பட்டினி போட முடியாது, அவருக்குக் கொடுத்தாகணும். இன்னொருத்தர்ன்னா, முதல்ல பதிஞ்சது சுயம்புலிங்கம் சார்தான். ஜெயலக்ஷ்மியம்மா, நீங்க நாளைக்கு வரணும். மன்னிச்சுக்கோங்க."

ஜெயலக்ஷ்மி பையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மாவுக்குக் குடுத்துருங்க" என்றார் சுயம்புலிங்கம். "நான் இங்கதான பக்கத்துல. நாளைக்கு வாறேன்."

சந்திரிகா அவர் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரைக் கேட்டுச் சொன்ன? காலைலேந்து நான் பாலத்து மேல செத்துக்கினு கீறேன், நீ இன்னாடான்னா தானம் பண்ணிக்கினு கீற. அந்தம்மா பாவந்தான், இல்லன்னு சொல்லல. உனக்கு மட்டும் உசுரு மண்ணா?"

"கத்தாத."

"கத்துவேன். இன்னைக்குத் தெரிஞ்சிடும்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கம் கெடையாது."

"அதான்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். குரல் தாழ்ந்துவிட்டது. "உனக்குத் தெரிஞ்சாகணும். எனக்குத் தெரிய வேண்டாம்னு இருக்கு. அந்தம்மாவுக்காகச் சொல்லல பிள்ள. நல்லவன் கணக்குல என்னைய எழுதாத. மருந்து இல்லன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. இன்னைக்கு ஒரு நா, ஒண்ணும் தெரியாம இருந்துக்கிடுதேன். சோறு திங்கணும். அவ்வளவுதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. அவருடைய பொறுமை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே போய் ஸஹானாவிடம், "அந்தம்மாவுக்கே போடுங்க" என்றாள். தி. நகர் பெட்டி இன்னும் வண்டியில் இருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அதைக் கொடுக்கப் போனாள்.

மறுநாள் மழை இல்லை. மருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தது. சுயம்புலிங்கத்துக்கு ஊசி போட்டு ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். மருந்து உடம்பில் பரவுகிற வரைக்கும் ஒரு மணி நேரம் போலப் பேசாமல், அசையாமல், கைப்பேசி பார்க்காமல் இருக்க வேண்டும். அவருக்கு அது ஒன்றும் கஷ்டம் இல்லை. போர்வையை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கதவில் இருந்த சதுரக் கண்ணாடி வழியாகச் சந்திரிகா பார்த்தாள். நகர்ந்து போனாள். திரும்பி வந்து பார்த்தாள். வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அவள் நடந்த நடையைப் பார்த்துக் கூட்டிப் பெருக்குகிற அம்மா, "அந்தாண்ட போய் நட தாயி, இங்க ஈரம்" என்றாள்.

முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு அடையாறு டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அவர் கணினியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வைத்தியத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் கழுத்தும் நெஞ்சும் வயிறும் புள்ளி புள்ளியாக எரிந்திருந்தன. இப்போது எல்லாம் அணைந்திருந்தது. இடது அக்குளில் மட்டும் மங்கலாக ஒன்று.

"இது நோயாவும் இருக்கலாம், மருந்தால வந்த வெறும் வீக்கமாவும் இருக்கலாம். சின்னதா இருக்கு, மங்கலா இருக்கு. இப்ப எதுவும் பண்ண வேண்டாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாக்கலாம்."

"டாக்டர், அப்போ அது போயிடுச்சா, இல்ல இன்னும் கீதா?" என்றாள் சந்திரிகா.

"மூணு மாசம் கழிச்சுச் சொல்றேன்மா."

வெளியே வந்ததும் சுயம்புலிங்கம் இட்லி வேண்டும் என்றார். மாதக்கணக்கில் அவர் தாமாக எதையும் கேட்டதில்லை. ஓட்டலில் நாலு இட்லி சாப்பிட்டு, நாக்கில் தகரம் போய்விட்டது, சாம்பாரில் உப்பு கம்மி என்று தெரிகிறது என்றார். அவர் முகத்தில் சிரிப்பு. அவளுக்கு உள்ளே எதுவும் அடங்கவில்லை. போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, இறங்கி ஒரு கை பார்த்திருப்பாள். காபியை டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஆறிப் பச்சத்தண்ணியாயிரும், குடி" என்றார் அவர்.

சித்திரையில் மறுபடி எடுத்தார்கள். அக்குளில் இருந்தது பெரிதாகவும் இல்லை, போகவும் இல்லை. டாக்டர் இது நல்ல அறிகுறி என்றார். ஆனாலும் இன்னும் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். சந்திரிகா அவரிடம் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. வருகிற வழியில் ஸஹானாவிடம் படத்தைக் காட்டினாள். ஸஹானா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எனக்கும் தெரியாதுக்கா" என்றாள். முன்பு அந்தச் சொல்லைக் கேட்டபோது சுவரை அடித்துக்கொண்டு இறங்கியவள், இந்தத் தடவை, "சரிம்மா" என்று படத்தை வாங்கி உறையில் போட்டுக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. களைத்துப் போயிருந்தாள்.

கம்பெனியில் அவளுக்கு ஆபீஸ் வேலை தருவதாகச் சொன்னார்கள். எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று உட்கார்ந்து போனில் சொல்கிற வேலை. சம்பளம் கூட. வீட்டில் நோயாளி இருக்கிறார், அலைய வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அவள் கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்றாள். எந்த வேலையிலும் நிலைக்காதவள் இதில் நாலு வருஷமாகத் தங்கிவிட்டாளே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஆனியில் சுயம்புலிங்கம் கடைக்குத் திரும்பினார். முதல் நாள் என்பதால் சந்திரிகா தி. நகர் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கடைப் பக்கம் போனாள். கூட்டம் இல்லாத நேரம். மாடியில் பட்டுப்பிரிவில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் புடவையை விரித்துக்கொண்டிருந்தார். சட்டை இன்னும் தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மேலாளர் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அவர் அதில் உட்காரவில்லை. இவளைப் பார்த்ததும் கண்ணாலேயே, என்ன, என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். உப்புப் போட்டு எடுத்து வருவதற்குள் அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். கால்களைத் தூக்கிப் பாத்திரத்துக்குள் வைத்தாள். அவர் விழிக்கவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வெந்நீர் ஆறியதும் காலைத் துடைத்து, தலையணையைக் கொடுத்துப் படுக்க வைத்தாள். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு, வண்டியில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கினாள்.